15,000 வெள்ளி, ஒன்பது தமிழ்ப் பாடல்கள்: முதலில் ஆல்பமா, மேடையா?

கிள்ளானிலிருந்து எழுதிய தம்பி கேட்டிருப்பது இது. சொந்தமாக எழுதி மெட்டமைத்த ஒன்பது தமிழ்ப் பாடல்கள் கையில் இருக்கின்றன. வேலை பார்த்துச் சேர்த்த 15,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய் முழு ஆல்பமாகவே செய்துவிடலாமா, ஆல்பம் வந்தபின் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சின்ன இடங்களில் பாட வாய்ப்புக் கிடைக்குமா, "சினிமாப் பாட்டு பாடினால் கூப்பிடுகிறோம்" என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள் என்று கேட்கிறார். பணக்கணக்குப் போலத் தெரிந்தாலும், இந்த ஊரில் தமிழில் சொந்தப் பாட்டைக் கேட்க ஆள் இருக்கிறார்களா என்பதுதான் அவருடைய உண்மையான கவலை என்று நினைக்கிறேன்.

இருக்கிறார்கள். ஆனால் ஆல்பம் போட்டுவிட்டுத் தேடினால் அகப்பட மாட்டார்கள். முதலில் பாடுங்கள், பாடிப் பாடி நிலைத்த பாட்டுகளைப் பதிவு செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்பதுதான் என் பதில். கல்யாண விருந்து பேண்டுகளுக்கும், காபிக்கடை மூலையில் கிட்டாரோடு உட்காரும் பிள்ளைகளுக்கும் பல வருடங்களாக ஒலி அமைத்துக் கொடுத்துவருகிறேன், பதிவும் செய்கிறேன். கீழே எழுதுவது அந்த வேலையிலிருந்து வந்தது. எங்கே உறுதியாகச் சொல்கிறேன், எங்கே என் கணிப்பைச் சொல்கிறேன் என்பதைப் பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

மேடை ஏன் முதலில் என்றால், வீட்டில் எழுதிய பாட்டுக்கு நீளம் தெரியாது. முன்னிசை நாற்பது விநாடி ஓடும், எழுதியவருக்கு அது அழகாகத்தான் இருக்கும். இருபது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் அதே முன்னிசை ஓடும்போது பதினைந்தாவது விநாடியில் ஆட்கள் பேச ஆரம்பிப்பார்கள். இரண்டாவது சரணத்தில் ஒரு வரியை ஒரே மூச்சில் பாட முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரியும். பல்லவி திரும்பி வரும் இடத்தில் யாராவது கூடவே முணுமுணுத்தால் அந்தப் பாட்டு நிற்கும் என்று தெரியும். வேகமும் அப்படித்தான். வீட்டில் வைத்த தாளக்கணக்கைவிட மேடையில் கொஞ்சம் வேகமாகப் பாடினால் சில பாட்டுகள் உயிர் பெறும், சில கெட்டுப்போகும். இதெல்லாம் மணிக்கணக்கில் காசு கொடுக்கும் ஸ்டுடியோவில் கற்க வேண்டிய பாடமல்ல. ஒன்பது பாட்டையும் எட்டு மாதமோ ஒரு வருடமோ பாடுங்கள். நான்கைந்து நிற்கும், சில தானாகவே உதிரும், புதிதாக இரண்டு பிறக்கும்.

சினிமாப் பாட்டு விஷயத்தில் வருத்தப்பட வேண்டாம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த பாட்டைக் கேட்க ஆசைப்படுவது நியாயம். அந்த மேடை உங்கள் பாட்டுக்கான இடமில்லை, அவ்வளவுதான். ஆனால் அது கற்றுத்தருகிற இடம், கையில் காசு கொடுக்கிற இடம். ஐந்து மணி நேரம் நின்று பாடப் பழகிய தொண்டையும், தன் குரலைத் தானே கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் சரியில்லாவிட்டாலும் சுருதி விடாத காதும் அங்கேதான் கிடைக்கும். நல்ல டிரம்மர், பேஸ் வாசிப்பவர், தபலாக்காரர் எல்லாரும் அந்த வட்டத்தில்தான் இருக்கிறார்கள். தாளவாத்தியத்துக்கு உருமி மேளக் குழுக்களையும் பாருங்கள். தைப்பூசத்தில் பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் மணிக்கணக்கில் நடந்தபடியே வாசிக்கிற பிள்ளைகளிடம் இருக்கும் காலப்பிரமாணம் எந்த மெட்ரோனோமிலும் கிடைக்காது. மலேசியத் தமிழ்ப் பாட்டுக்கென்று தனியாக ஓர் ஓசை வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முதலில் போய்க் கேட்க வேண்டிய இடம் அது என்பது என் திடமான எண்ணம்.

சொந்தப் பாட்டுக்கு இங்கே முன்னோடிகள் இல்லாமலும் இல்லை. பினாங்கில் தொடங்கிய அலிகேட்ஸ் குழுவின் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாட்டில் நாடறிந்தவர்கள் ஆனார்கள். டார்க்கி நாகராஜாவின் தி கீஸ் குழு தமிழிலேயே மேடையேறியது. யோகி பி அண்ட் நட்சத்ரா 2006-ல் வெளியிட்ட தமிழ் ராப் ஆல்பத்தைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் தேடித் தேடிக் கேட்டார்கள். மூன்று தரப்பும் மேடையில் உரம் ஏறியவர்கள்.

இடங்களைப் பற்றி. கோலாலம்பூரில் ஜாலான் மெசுயியில் இருக்கும் நோ பிளாக் டை 1998-லிருந்து நடக்கிறது. ஜாஸ் அடிப்படை கொண்ட, உட்கார்ந்து கவனமாகக் கேட்கும் கூட்டம் வரும் இடம். முதல் நிகழ்ச்சிக்கு அங்கே போகாதீர்கள். பயிற்சி முடித்து, குழுவோடு போங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், செந்தூலில் கேஎல்பேக் கலை அரங்கம் போன்றவை அரங்க நிகழ்ச்சிக்கானவை. அங்கே போக ஒரு முழு மணி நேரத்துக்கான நிகழ்ச்சித் திட்டம் கையில் இருக்க வேண்டும். பினாங்கில் ஜார்ஜ்டவுன் லெபு பந்தாயில் சைனா ஹவுஸும், ஜாலான் குருத்வாராவில் பழைய பேருந்துப் பணிமனையைக் கலைக்கூடமாக்கிய ஹின் பஸ் டிப்போவும் இருக்கின்றன. ஹின்னில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடக்கும், ஆட்கள் நடந்துகொண்டே கேட்பார்கள். நின்று கேட்க வைக்க முடிகிறதா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சோதனை இல்லை. 2010-லிருந்து நடக்கும் ஜார்ஜ்டவுன் விழாக்காலத்தில் ஊரே கலைக்காகத் திறந்திருக்கும், விழாவுக்கு முன்னரே எழுதிக் கேளுங்கள். எந்த இடமும் கை மாறலாம், நாட்கள் மாறலாம். போவதற்கு முன் நேரில் ஒரு நாள் போய் ஒரு காபி குடித்து, இன்னொருவருடைய நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, பிறகு பொறுப்பாளரிடம் பேசுங்கள். மின்னஞ்சலைவிட அது பலமடங்கு வேலை செய்யும்.

இந்த இடங்களின் கூட்டத்தில் பாதிக்கு மேல் தமிழ் தெரியாதவர்களாக இருப்பார்கள். அதைக் கண்டு தயங்க வேண்டாம். பாட்டுக்கு முன்னால் மலாயிலோ ஆங்கிலத்திலோ இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டுப் பாடுங்கள், போதும். என் அனுபவத்தில் தமிழ் தெரியாத கூட்டம் சொந்தப் பாட்டுக்கு அதிக இடம் கொடுக்கிறது. அவர்களுக்கு ஒப்பிட சினிமாப் பாட்டு எதுவும் மனதில் ஓடாது. தமிழ்க் கூட்டத்துக்கு வேறு வழி இருக்கிறது: தமிழ்ப்பள்ளி நிதி திரட்டும் இரவு விருந்து, வாசகர் வட்டம், பல்கலைக்கழக இந்திய மாணவர் சங்க நிகழ்ச்சி. அங்கே இரண்டு தெரிந்த பாட்டுக்கு நடுவில் உங்களுடையது ஒன்று வையுங்கள்.

சரி, நீங்களே ஒரு நிகழ்ச்சி நடத்த நினைத்தால் அனுமதி விஷயம் வரும். கோலாலம்பூரில் பொதுக் கேளிக்கைக்கான உரிமம் 1992-ம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநகர மன்றத்தின் கையில் இருக்கிறது. சிலாங்கூரிலும் பினாங்கிலும் யாரிடம் உரிமம் கேட்க வேண்டும் என்பதை அந்தந்த ஊரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். உணவகத்துக்குச் சாப்பாட்டு உரிமம் இருப்பது வேறு, நேரடி இசைக்கு உரிமம் இருப்பது வேறு. அதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சென்னையிலிருந்து ஒரு வாத்தியக்காரரை அழைத்து மேடையேற்றுவதென்றால் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான புஸ்பாலின் அனுமதி தேவை, அதற்குக் கால அவகாசம் வேண்டும். பணம் பற்றிப் பேசும்போது டிக்கெட்டில் பங்கா, நிலையான தொகையா, ஒலிக்கருவி யாருடையது, சவுண்ட் செக் எத்தனை மணிக்கு, இந்த நான்கையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பதிவு. 15,000 வெள்ளியை ஒன்பது பாட்டுக்குப் பிரித்தால் ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய 1,660 வெள்ளி. அதற்குள் இசைக்கோர்வை, வாத்தியக்காரர்கள், ஸ்டுடியோ, மிக்ஸிங் (எல்லா ஒலிகளையும் அளவாகச் சேர்ப்பது), மாஸ்டரிங் (கடைசி மெருகு), அட்டைப்படம் எல்லாம் அடங்க வேண்டும். எல்லாவற்றிலும் அரைகுறையாகவே முடியும். 3,000 வெள்ளியை நிகழ்ச்சிகளுக்கும் நல்ல புகைப்படத்துக்கும் ஒரு நேர்த்தியான மேடைக் காணொளிக்கும் ஒதுக்குங்கள். மீதி 12,000-ல் ஐந்து பாட்டு செய்தால் ஒன்றுக்கு 2,400 வெள்ளி நிற்கும், கைக்கு அடங்குகிற தொகை. ஒன்பதும் வேண்டும் என்றால் மீதியை அடுத்த வருடம் சேர்த்து ஆல்பமாக்கலாம். காசை எதில் போட வேண்டும் என்று கேட்டால், உயிருள்ள வாத்தியக்காரர்களுக்கும் மிக்ஸிங்குக்கும் என்று சொல்வேன். கீபோர்டு, நிரல்படுத்திய தாளம் இவற்றை வீட்டிலேயே முடிக்கலாம். குரலையும் வீட்டில் எடுக்க முடியும், அறை ஒத்துழைத்தால்.

நம் ஊர் அறை சுலபமாக ஒத்துழைக்காது. ஏர்கானை அணைத்தால் வியர்க்கும், போட்டால் இரைச்சல். மாலை மழை தகரக் கூரையில் விழுந்தால் வேலை நின்றது. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, முதுகுப் பக்கம் அது வருமாறு நின்று, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் பாடிப் பாருங்கள். கண்டென்சர் மைக் இந்த ஈரக்காற்றில் நாளடைவில் சடசடக்க ஆரம்பிக்கும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஒலியளவு உச்சம் தொடாமல் கீழே நிற்கட்டும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். மைக்கைக் கணினியோடு இணைக்கும் மலிவான ஒலிப்பதிவு இடைமுகக் கருவிகளே இன்று தாராளமாக இந்த வேலைக்குப் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சுருதியை முடிவு செய்யுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. ஸ்டுடியோவுக்கு வந்து அன்றைக்கு "அரைக்கட்டை இறக்கலாமா" என்று கேட்கும் பாடகர்களைப் பார்க்கிறேன் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). மிருதங்கம் ஒரு குறிப்பிட்ட சுருதிக்குக் கூட்டப்பட்ட வாத்தியம். ஓரளவுதான் ஏற்ற இறக்க முடியும். தாழ்ந்த சுருதிக்குத் தக்கு மிருதங்கம், உயர்ந்ததற்கு ஹெச்சு மிருதங்கம் என்று தனித்தனியாகவே வைத்திருப்பார்கள். ஒரு பாட்டு ஒரு கட்டையிலும், இன்னொன்று ஐந்தரைக் கட்டையிலும் இருந்தால் வாத்தியக்காரர் இரண்டும் கொண்டுவர வேண்டும். கிட்டார்காரரிடம் பேசும்போது ஒரு கட்டை என்றால் சி, ஐந்து என்றால் ஜி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப் என்று இரண்டு மொழியிலும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், குழப்பம் தீரும். தம்புராச் சுருதிப் பெட்டியும் கீபோர்டும் ஒரே அடிப்படை அளவில், அதாவது ஏ 440 ஹெர்ட்ஸில், இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிறு வித்தியாசம்கூட நாகஸ்வரமோ வயலினோ சேரும்போது பல்லைக் கூசவைக்கும்.

சுருதியைத் திருத்தும் கணினி நிரலான ஆட்டோடியூன் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பாட்டில் சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இருந்தால் அதைத் தானியங்கியாக ஓடவிடக்கூடாது. அந்த நிரல் எந்தச் சுரத்தையும் அருகிலிருக்கும் அரைச்சுர நிலைக்கு இழுத்துப் போடும். இரண்டு சுரங்களுக்கு நடுவே அசைந்து நிற்கிற காந்தாரமோ நிஷாதமோ வெட்டுப்பட்டு, படிக்கட்டில் இறங்குவதுபோல் கேட்கும். தேவைப்படும் ஓரிரு சொல்லை மட்டும் கையால் திருத்தச் சொல்லுங்கள். மிக்ஸ் செய்பவர் தமிழ் அறியாதவராக இருந்தால், வரிகளை அச்செடுத்துக் கொடுத்து, எந்தச் சொல் கட்டாயம் காதில் விழ வேண்டும் என்று கோடிட்டுக் காட்டுங்கள். ழகரமும் வல்லினமும் கிட்டாருக்கு அடியில் புதைந்துபோகிற பதிவுகளை நிறையக் கேட்டுவிட்டேன். உருமியைப் பதிவு செய்வதென்றால் வளைந்த குச்சியால் தேய்க்கும் பக்கத்துக்குத் தனி மைக் வையுங்கள், கொஞ்சம் விலக்கி. அந்த முனகல்தான் உருமி. அடிக்கும் பக்கத்தின் சத்தம் எப்படியும் எல்லா மைக்கிலும் விழும்.

அடுத்தது தாள் வேலை. எனக்குத் தெரிந்த சண்டைகளில் பெரும்பாலானவை இசையால் வந்தவையல்ல, எழுதி வைக்காததால் வந்தவை. ஒரு பாட்டில் இரண்டு உரிமை உண்டு: வரிகளும் மெட்டும் ஒன்று, அந்தப் பதிவு இன்னொன்று. மலேசியாவின் 1987-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பின் உரிமை சொன்னவருக்கே போகும். உரிமையைக் கைமாற்றுவதென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும். ஆனால் இணையத்தில் விலைக்கு வாங்கும் "பீட்", அதாவது ஆயத்தப் பின்னணி இசை, அப்படியல்ல. அது ஏற்கெனவே செய்து வைத்தது, உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பயன்படுத்தும் அனுமதி மட்டும். அதே பீட்டை வேறு பத்துப் பேரும் வாங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட பாட்டை யார் பாட்டு என்று தானாகவே அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் உங்களுடையது என்று பதிந்தால் தகராறு நிச்சயம். ஆகவே இசையமைப்பில் கைகொடுத்த நண்பரோடு, ஸ்டுடியோவுக்குப் போகும் முன்பே, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நட்பைக் காப்பதற்கே அது. படைப்பு உங்களுடையது என்பதற்கு அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபோவில் விருப்பப் பதிவும் செய்யலாம். பெரிய தொகையோ பல வருட ஒப்பந்தமோ மேசைக்கு வந்தால் நான் சொல்வது போதாது, வக்கீலிடம் காட்டுங்கள்.

பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் எம்ஏசிபி அமைப்பில் சேருங்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாட்டு ஒலிக்கும்போது வரும் உரிமைத்தொகையைப் படைப்பாளிகளுக்காக வசூலிப்பது அதுதான். மின்னல் வானொலியிலோ ராகா வானொலியிலோ உங்கள் பாட்டு ஒலித்தும், பாட்டு எம்ஏசிபியில் பதிவாகாமல் இருந்தால் பணம் உங்களைத் தேடி வராது. இணைய வெளியீட்டுக்கு விநியோக நிறுவனங்கள் உண்டு. டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா முறை, தனிக் கட்டணம் கட்டாமல் சந்தாவை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடும். சிடி பேபி ஒரே முறை கட்டணம் வாங்கி, வருவாயில் 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு முறை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். பாட்டுப் பட்டியல்களைத் தொகுக்கும் ஸ்பாட்டிஃபை தேர்வாளர்களுக்குப் பாட்டை அனுப்ப வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு ஏற்றியிருக்க வேண்டும், நான் நான்கு வாரம் என்று வைத்துக்கொள்வேன்.

வருமானத்தில் உறுதியானது இது: 2024-லிருந்து ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாவிட்டால் ஸ்பாட்டிஃபை அதற்குப் பதிவுரிமைப் பணம் தருவதில்லை. ரசிகர்களுக்குப் பாட்டை நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கும், பணப்பரிமாற்றக் கட்டணமும் போக மீதி உங்களுக்கு. நிகழ்ச்சி முடிந்த கையோடு பத்துப் பேர் அங்கே வாங்கினால் அது ஆயிரக்கணக்கான ஸ்ட்ரீமுக்குச் சமம். மற்றதெல்லாம் கணிப்பு. எந்தப் பாட்டு ஓடும் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்கிறவர் காசு கேட்டால் விலகிக்கொள்ளுங்கள். "இத்தனை லட்சம் வியூ வாங்கித் தருகிறோம்" என்பதும் அதே வகை, போலி எண்ணிக்கை தெரியவந்தால் பாட்டையே இறக்கிவிடுவார்கள். தீபாவளிக்கு வெளியிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த மாதத்தில் உள்ளூர்ப் பாட்டுகளுக்கு வானொலியில் இடம் அதிகம், போட்டியும் அதிகம். கொண்டாட்டப் பாட்டாக இருந்தால் சரி. உங்கள் பாட்டுகள் அமைதியானவை என்று எழுதியிருப்பதால் பிப்ரவரி, மார்ச் பக்கம் போகலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

அரசு உதவி பற்றியும் ஒரு வரி: 2017-ல் அமைந்த கலைத்துறை வளர்ச்சி அமைப்பான செண்டானா சுயாதீன இசைக்காரர்களுக்கும் மானியம் தந்துவருகிறது. விண்ணப்பம் எப்போதும் திறந்திருக்காது, அவர்கள் பக்கத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். விண்ணப்பத்தில் மேடைக் காணொளியும் நிகழ்ச்சிப் பட்டியலும் இருந்தால் கை ஓங்கும். அதற்கும் முதலில் பாடியிருக்க வேண்டும்.

நீங்கள் எந்தக் கட்டையில் பாடுகிறீர்கள், தாளத்துக்கு ஆள் இருக்கிறாரா, ஒன்பதில் எத்தனை பாட்டை வெறும் கிட்டாரோடு தனியாகப் பாட முடியும், இந்த மூன்றையும் எழுதுங்கள். முதல் நிகழ்ச்சிக்கு அரை மணி நேரப் பட்டியல் ஒன்றைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.